குற்றம் சாட்டுவோரே தீர்ப்பும் கூறுவதா?

கல்விக்கூடத்திற்கு ஒழுங்கு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு கொள்வார் எவரும் இலர். பாடம் நடக்க அமைதி வேண்டும். தேர்வு நேர்மையாக நடக்கக் கண்காணிப்பு வேண்டும். விடுதியில் இளைய மாணவன் அஞ்சாமல் கண்ணுறங்க, மூத்தவன் கையைக் கட்டும் விதி வேண்டும். இவை மறுக்கவொண்ணா உண்மைகள். ஆனால், ஒழுங்கு வேறு; ஊமைத்தனம் வேறு. ஒழுங்கு உள்ளத்தில் வேர்கொள்வது. ஊமைத்தனமோ அச்சத்தின் பிள்ளை. மலேசியத் திருநாட்டின் உயர்கல்விக் கூடங்களில் 1971ஆம் ஆண்டு முதல் ஒழுங்கு என்னும் பெயரால் வளர்க்கப்பட்டது பெரும்பாலும் இந்த இரண்டாவது சரக்கே ஆகும். இதைச் சொல்லத் தயங்குவது மாணவர்க்குச் செய்யும் நன்மையன்று. நாட்டுக்குச் செய்யும் நன்மையும் அன்று.

இதைத் தமிழ்ச் சமுதாயம் தன் பொருட்டே ஆராய வேண்டிய தேவை உண்டு. “அரசியல் பேசுகிற பிள்ளைகளுக்கு வந்த வம்பு, அதற்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்போர் பலர். தொடர்பு நெருக்கமானது. பினாங்கு மாநிலத்தை மட்டும் எடுத்துக்கொள்வோர்க்கும் அது விளங்கும். தீவிலே மிண்டன் வளாகத்தில் 1969ஆம் ஆண்டு தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நிற்கிறது. அதன் பொறியியல் வளாகம் நீரிணைக்கு இப்பால் நிபோங் திபாலில் உள்ளது. பிறைக்கு அணித்தே பெர்மாத்தாங் பாவில் பலதொழில்நுட்பக் கல்லூரி உண்டு. கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் மெட்ரிகுலேசன் கல்லூரி உண்டு. ஜார்ஜ் டவுனிலும் பட்டர்வொர்த்திலும் தனியார் கல்லூரிகள் பல. பல்கலைக்கழகங்களை ஆள்வது 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம். பலதொழில்நுட்பக் கல்லூரி, மெட்ரிகுலேசன் கல்லூரி, ஆசிரியர் பயிற்சிக் கழகம் ஆகியவற்றின் மாணவரை ஆள்வது 1976ஆம் ஆண்டின் கல்விக்கழக ஒழுங்குச் சட்டம். தனியார் கல்லூரிகளுக்கு 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விக் கழகச் சட்டம். பிறை வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளை எந்த வாயில் வழியாக உயர்கல்விக்குள் நுழைந்தாலும், இம்மூன்று சட்டங்களுள் ஒன்று அவன் தலைக்குமேல் தொங்கிக்கொண்டே இருக்கும். நாளைய தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் இவ்விதிகளின் கீழ்தான் பயிற்சி பெறுகிறார். வாய்பொத்திப் பழகிய ஆசிரியர், வாய்திறக்கும் மாணவரை எவ்வாறு உருவாக்குவார்?

ஒழுங்கு காக்க வேண்டிய இடம் எது?

எதிர்த்தரப்பார் எடுத்துரைக்கும் முதல் வாதம், “விதியைத் தளர்த்தினால் விடுதி காடாகிவிடும்” என்பது. இவ்வாதத்தில் உண்மையின் ஒரு கூறு இருப்பதை மறுப்பதற்கில்லை. 1996 நவம்பரில் தமிழகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர் நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்ட செய்தி, தமிழர் வாழும் நாடுகள்தோறும் தாய்மாரை நடுங்கச் செய்தது. அதன்பின் 1997இல் தமிழக அரசு பகடிவதைத் தடைச் சட்டம் இயற்றியது. அது வேண்டிய சட்டம், வரவேற்கத்தக்க சட்டம்.

மலேசியாவிலும் அத்தகைய அவலம் நேர்ந்தது. தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்துப் பயிற்சி மாணவர் சுல்பர்ஹான், சக மாணவர்களால் நீராவி இஸ்திரிப் பெட்டியால் சுடப்பட்டு, 2017 ஜூன் முதல் நாளன்று உயிர் நீத்தார். மடிக்கணினி ஒன்றை அவர் திருடினார் என்பது அவர்கள் சுமத்திய குற்றம். தாமே குற்றஞ்சாட்டி, தாமே விசாரித்து, தாமே தீர்ப்பளித்து, தாமே தண்டித்தனர் அந்த இளைஞர்கள். குற்றம் சாட்டுபவன் கையிலேயே தீர்ப்பும் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. அவ்வளாகமும் ஒழுங்கு விதிகள் நிறைந்த வளாகமே அன்றோ? அத்தனை விதி இருந்தும், அடிபட்டுக் கிடந்த பிள்ளையின் அறைக்குள் அவ்விதி நுழையவில்லை. பதாகை பிடித்தவனைத் தேடி விரையும் விதி, வதைபட்டவனைத் தேடி விரையாதிருப்பது ஏன்? அவ்விதிகள் எதற்காக எழுதப்பட்டன என்பதில்தான் இதற்கு விடை இருக்கிறது.

சட்டம் பிறந்த கதை

1971இல் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. மாணவர் வெளி இயக்கங்களோடும் அரசியல் கட்சிகளோடும் தொழிற்சங்கங்களோடும் தொடர்பு கொள்வதை அது தடுத்தது. ஆயினும் மாணவர் குரல் ஓய்ந்துவிடவில்லை. 1974 செப்டம்பரில் ஜொகூர் பாருவில் தாசேக் உத்தாரா என்னும் இடத்தில் ஏழைகளின் குடிசைகள் அகற்றப்பட்டபோது, மலாயாப் பல்கலைக்கழக மாணவர்கள் அவ்வேழைகளுக்குத் துணை நின்றனர். அதே ஆண்டின் இறுதியில் கெடா மாநிலத்துப் பாலிங்கில், ரப்பர் விலை வீழ்ந்து பொருள்விலை ஏறியதால் வயிறு காய்ந்த சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். அவர்கள் பக்கம் நின்று 1974 டிசம்பர் 3ஆம் நாள் கோலாலம்பூரில் மாணவர்கள் கூடினர். அன்று கைதான மாணவர்கள் 1,128 பேர். விரிவுரையாளர் சையத் ஹுசின் அலி, இளைஞர் இயக்கத் தலைவராக விளங்கிய அன்வார் இப்ராஹிம் முதலியோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சிறை வைக்கப்பட்டனர்.

ரப்பர் விலை வீழ்ச்சி என்றால் என்ன என்பதைப் பால்மரக் காட்டிலே தலைமுறை தலைமுறையாய் உழைத்த தமிழர்க்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாலிங் மக்களின் பசி மலாய்க் குடியானவர் பசி. தோட்டத் தமிழர் பசியும் அதற்கு அயலானதன்று. அப்பசியைப் பேசியது அம்மாணவர் செய்த குற்றம். அதற்கு விடையாகப் பசியைப் போக்குவதோடு நின்றிருக்கலாம் ஆட்சி. ஆனால் 1975இல், டாக்டர் மகாதீர் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், சட்டமே மேலும் இறுக்கப்பட்டது. மாணவர் அமைப்புகள் பணம் திரட்டுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. துணைவேந்தரே மாணவர் மீதான ஒழுங்கு அதிகாரியானார். தடைசெய்த தொடர்பைக் கொண்ட மாணவனுக்கு ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கக்கூடும் என்ற நிலை இருந்தது. மறு ஆண்டே, 1976இல், பல்கலைக்கழகமல்லாத கல்விக்கூடங்களுக்கும் இத்தகைய வேலி போடப்பட்டது. திருட்டையோ பகடிவதையையோ தேர்வு மோசடியையோ எண்ணி இவ்விதிகள் இறுக்கப்படவில்லை என்பதை இவ்வரலாறே காட்டுகிறது. மாணவன் ஏழையின் அருகே சென்று நிற்கக்கூடாது என்பதே அன்றைய நோக்கம்.

வலைக்கு எல்லை உண்டா?

சட்டத்தின் கீழ் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மாணவர் ஒழுங்கு விதிகளை வகுத்துக்கொண்டது. அவ்விதிகளின் மொழியை நடுநிலையோடு படிப்பவர் எவரும் வியப்படையாமல் இருக்க இயலாது. பல்கலைக்கழகத்தின் நலனுக்கோ நற்பெயருக்கோ ஊறு விளைவிக்கும் எந்தச் செயலும் குற்றமாம். ஐவருக்கு மேற்பட்டோர் கூடும் கூட்டத்தை இசைவின்றி நடத்துவது குற்றமாம். ஒலிபெருக்கி வைப்பதற்கு இசைவு வேண்டும். பதாகை கட்டுவதற்கு இசைவு வேண்டும். ஏடு வெளியிடுவதற்கு இசைவு வேண்டும். தண்டனைகளோ எச்சரிக்கையில் தொடங்கி, 200 வெள்ளித் தண்டம், வளாகத்தின் ஒரு பகுதிக்குள் நுழையத் தடை, இடைநீக்கம் என்று ஏறி, நிரந்தர வெளியேற்றம் வரை செல்கின்றன.

“நற்பெயருக்கு ஊறு” என்பதன் பொருள் யாது? உணவகத்தில் விற்கப்படும் சோறு கெட்டது என்று எழுதினால் ஊறா? விடுதியில் நீர் வரவில்லை என்று சொன்னால் ஊறா? தமிழ்த்துறைக்கு விரிவுரையாளர் போதவில்லை என்று கையொப்பம் திரட்டினால் ஊறா? விதி இதற்கு விடை சொல்வதில்லை. விடை சொல்லும் உரிமை, பெயர் கெட்டதாகக் கருதும் நிருவாகத்தின் கையிலேயே இருக்கிறது. எது குற்றம் என்று முன்கூட்டியே அறிய முடியாத விதி, விதியாகாது, அது கண்ணிவெடி. எங்கே புதைந்திருக்கிறது என்று தெரியாததால், நடக்க வேண்டியவன் நடக்கவே அஞ்சுகிறான். இத்தகைய விதியின் வெற்றி அது தண்டித்தோர் தொகையில் இல்லை. அது தண்டிக்காமலே வாயடைத்தோர் தொகையில் இருக்கிறது.

அந்த வாயடைப்பின் முழு உருவத்தையும் 2012 டிசம்பரில் சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்து மண்டபத்தில் நாடு கண்டது. மாணவர்க்கான கருத்தரங்கம் அது. பவானி என்னும் தமிழ்ச் சட்ட மாணவி எழுந்து, பிற நாடுகளில் இலவசக் கல்வி இயலும்போது மலேசியாவில் ஏன் இயலாது என்று கேட்டார். மேடையிலிருந்தவர் இறங்கி வந்து, மாணவியின் பேச்சை இடைமறித்து, ஒலிவாங்கியையும் விலக்கி, “கேள், கேள்” என்று மீண்டும் மீண்டும் அதட்டினார். 2013 ஜனவரியில் அக்காட்சி ஒளிப்பதிவாக நாடெங்கும் பரவியது. அதட்டியவரைப் பலரும் கண்டித்தனர். ஆனால் அக்காட்சியில் கண்டிக்கத்தக்க இன்னொன்றும் இருந்தது. மண்டபம் நிறைந்திருந்த மாணவர்கள் கைதட்டினார்கள். தம்முள் ஒருத்தி தம் அனைவர்க்குமான கேள்வியைக் கேட்டபோது, கேட்டவளை அவமதித்தவருக்குக் கைதட்டினார்கள். நாற்பதாண்டுக் காலம் பயிரிட்ட அச்சத்தின் அறுவடை அந்தக் கைதட்டலே!

தீர்ப்புக்கு முன்பே தண்டனை

விதிகளின் மொழி இவ்வாறெனின், அவை செயற்பட்ட முறை அதனினும் கொடிது. 1975 முதல் 2009 வரை, நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்ட மாணவன் அந்த நொடியே மாணவனாக இருக்கும் தகுதியை இழந்து இடைநிறுத்தப்பட்டான். குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை, சாட்டப்பட்டாலே போதும்.

2001 ஜூன் மாதம் கோலாலம்பூரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை எதிர்த்து நடந்த கூட்டத்தில் ஏழு மாணவர் கைது செய்யப்பட்டனர். சட்டவிரோதமாகக் கூடினர் என்று குற்றம் சாட்டப்பட்டதால் படிப்பிலிருந்து நிறுத்தப்பட்டனர். 2005இல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குற்றமற்றவர் என்று சொல்ல நான்காண்டு ஆயிற்று. அந்த நான்காண்டில் அவர்களோடு சேர்ந்தோர் பட்டம் பெற்று வேலைக்கும் போயினர். இழந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்?

தமிழர்க்கு இக்கதை புதிதன்று. பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல்லை ஆராயாமல் நம்பிய மன்னன் கோவலனை வெட்டச் செய்ததும், கண்ணகி சிலம்புடைத்துக் காட்டியபின் உண்மை விளங்கியதும், தமிழ் மக்களின் காப்பிய நினைவில் ஆழப் பதிந்தவை. பாண்டியன் கொடியவன் அல்லன், ஆராயாதவன். ஆராயாமை ஒன்றே அவன் கோலை வளைத்தது. சிலப்பதிகார விழா எடுத்து மேடைதோறும் கண்ணகியைப் போற்றும் சமுதாயம், தன் பிள்ளை விசாரணையின்றி வெளியேற்றப்படும்போது “மேலிடத்து முடிவு” என்று தலையாட்டிக்கொண்டு போனால், கண்ணகியைப் போற்றியதற்குப் பொருள் என்ன?

பிற நாடுகள் இதை எப்போதோ உணர்ந்தன. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கொமரி நகரில், கறுப்பினத்தவர்க்கு உணவு மறுத்த சிற்றுண்டிக் கடையில் 1960ஆம் ஆண்டு அமர்ந்து போராடிய மாணவர்களை, அவர்கள் பயின்ற அரசுக் கல்லூரி விசாரணையின்றி வெளியேற்றியது. அவர்கள் தொடுத்த வழக்கில் 1961இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசுக் கல்லூரி ஒரு மாணவரை வெளியேற்றுமுன் குற்றச்சாட்டை அறிவித்தல் வேண்டும், அவர் தரப்பைக் கேட்டல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் 1962இல், தேர்வில் முறைகேடு செய்ததாகச் சொல்லப்பட்ட உத்தரப் பிரதேச மாணவர்களின் வழக்கில், அவர்கள் தரப்பைக் கேளாமல் தேர்வு வாரியம் தண்டித்தது தவறு என்று கூறியது. காப்பியடித்ததாகச் சந்தேகிக்கப்படும் மாணவனுக்கே கேட்கப்படும் உரிமை உண்டெனின், கருத்துரைத்த மாணவனுக்கு அது இல்லாமற் போகுமோ?

உலூ சிலாங்கூர் கற்பித்த பாடம்

2010 ஏப்ரலில் உலூ சிலாங்கூர் நாடாளுமன்ற இடைத்தேர்தல் நடந்தது. இந்தியர் காங்கிரசு வேட்பாளர் போட்டியிட்ட தொகுதியாதலால் தமிழர் கண்கள் எல்லாம் அங்கே இருந்தன. அங்குச் சென்ற மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்து மாணவர் நால்வரைக் காவல்துறையினர் தடுத்தனர். அவர்கள் வந்த வாகனத்தில் தேர்தல் பரப்புரைப் பொருள்கள் இருந்தன. அரசியல் கட்சிக்கு ஆதரவோ எதிர்ப்போ காட்டியதாகப் பல்கலைக்கழகம் அவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. அந்நால்வரும் பயின்ற துறை யாது? அரசியல் அறிவியல்! நீந்தக் கற்பவன் நீரில் இறங்கக்கூடாது என்பது போன்ற ஆணை இது.

நால்வரும் நீதிமன்றம் ஏறினர். 2011 அக்டோபர் 31ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம், மூன்று நீதிபதிகளுள் இருவர் முடிவாக, அவ்விதிக்கூறு கூட்டரசு அரசியலமைப்பின் பத்தாம் விதி தரும் பேச்சுரிமைக்கு முரணானது என்று கூறியது. பல்கலைக்கழகம் சிந்தனையாளரும் சீர்திருத்தக்காரரும் விளையும் நிலமாக இருத்தல் வேண்டுமேயன்றி, எந்திரப் பொம்மைகளைச் செய்யும் கூடமாக இருத்தல் கூடாது என்ற கருத்தை நீதிபதி முகமட் ஹிஷாமுடின் தம் தீர்ப்பில் பதித்தார்.

அதன்பின் திருத்தங்கள் வந்தன. 2012இல் மாணவர் கட்சிகளில் சேர இடம் கிடைத்தது. வளாகத்துள் கட்சி நடவடிக்கைக்குத் தடை நீடித்தது. 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் அத்தடையையும் நீக்கி, மேற்சொன்ன மூன்று சட்டங்களையும் திருத்தியது. 2024இல் மாணவர் அமைப்புகள் தம் நிதியைத் தாமே கையாள வழி திறக்கப்பட்டது. இவை நல்ல மாற்றங்களே, நன்றியுணர்வோடு ஏற்கத்தக்கவையே.

ஆயினும் மரத்தின் கிளைகள் வெட்டப்பட்டனவேயன்றி வேர் பெயர்க்கப்படவில்லை. தவணை முறையில் திருத்தப்பட்டுக்கொண்டே சட்டம் நிலைத்து நிற்கிறது. பல்கலைக்கழகத்தின் தலைவரே மாணவனுக்கு நீதிபதி என்னும் அடிப்படை மாறவில்லை. திருத்தங்களுக்கு நடுவிலும் அது தன் இயல்பைக் காட்டியதுண்டு. 2014 அக்டோபர் 27ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேச அன்வார் இப்ராஹிமை மாணவர் அழைத்தனர். நிருவாகம் வாயிலை அடைத்தது. மாணவர் வாயிலைத் திறந்து அவரை உள்ளே அழைத்துச் சென்றனர். மாணவர் மன்றத் தலைவர் பாமி சைனோலுக்கு இரண்டு பருவ இடைநீக்கமும் 600 வெள்ளித் தண்டமும் விதிக்கப்பட்டன. வாயிலை அடைத்ததும் நிருவாகம். வாயிலைத் திறந்தது குற்றம் என்று சாட்டியதும் நிருவாகம். குற்றவாளி என்று தீர்த்ததும் நிருவாகம். சிறுவர் விளையாட்டில்கூட ஆடுபவனை நடுவனாக வைப்பதில்லை!

இங்கே ஒரு வரலாற்று முரணைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. 1974இல் பாலிங் மக்களுக்காகச் சிறை சென்ற அன்வார் இப்ராஹிம், செபராங் பிறை மண்ணில் பிறந்து வளர்ந்தவர். பெர்மாத்தாங் பாவ் தொகுதியின் உறுப்பினராக நெடுங்காலம் இருந்தவர். அவர் 2022 நவம்பரில் நாட்டின் பிரதமரானார். 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் சார்ந்த கூட்டணி, இச்சட்டத்தை நீக்குவதாகவே தேர்தல் அறிக்கையில் வாக்களித்தது. நீக்குவதாகச் சொன்னதைத் திருத்துவதோடு நிறுத்துவது, நோயை ஒழிப்பதாகச் சொல்லி வலிக்கு மட்டும் மருந்து கொடுப்பது போலாகும். எதிரணியில் இருக்கும்போது கொடுமையாகத் தோன்றும் சட்டம், ஆட்சியில் அமர்ந்தபின் வசதியாகத் தோன்றுவது எல்லா அரசுகளுக்கும் வாய்த்த கண்நோய். இதற்கு மருந்து மக்கள் கேள்வியே.

“படிக்கத்தானே போனான்?”

எல்லா வாதங்களுக்கும் மேலாகத் தமிழ் வீடுகளில் ஒலிக்கும் வாதம் ஒன்று உண்டு. “படிக்கத்தானே அனுப்பினோம், வேறு எதற்கு வாய் திறக்கிறாய்?” என்பதே அது. இதன் பின்னால் இருப்பது கோழைத்தனம் அன்று, நியாயமான அச்சம். பிறைத் தொழிற்பேட்டையில் இரவு முறை வேலை பார்த்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தாய்க்கு, அப்பிள்ளையின் பட்டமே குடும்பத்தின் ஒரே ஏணி. கல்விக் கடனோ 1997இல் அமைந்த தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தில் பெற்றது. படிப்பு நின்றாலும் கடன் நிற்பதில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளை வெளியேற்றப்பட்டால் வெளிநாட்டுக்குப் பறப்பான். தோட்டத்திலிருந்தும் அடுக்குமாடிச் சிறு வீட்டிலிருந்தும் வந்த பிள்ளை வெளியேற்றப்பட்டால், அவனோடு ஒரு தலைமுறையே படியிறங்கும்.

ஆனால் இந்த அச்சத்திலிருந்து பெற்றோர் பெறும் முடிவுதான் தலைகீழானது. தண்டனை ஏழையின் மேல் அதிக எடையோடு விழுமெனின், நியாயமான விசாரணையும் ஏழைக்கே அதிகம் வேண்டும். வாயை மூடிக்கொண்டிருப்பது பாதுகாப்பாகாது. பொய்க் குற்றச்சாட்டு வாய்மூடியிருப்பவனைத் தேடியும் வரும். விடுதிக் களவில் சந்தேகம் விழலாம். தேர்வறையில் தவறான சாட்சி சொல்லப்படலாம். பகடிவதைக்கு ஆளானவனே சண்டையிட்டவன் என்று எழுதப்படலாம். அன்றைக்கு அவனைக் காப்பது பணிவு அன்று. எழுதிவைக்கப்பட்ட உரிமை ஒன்றே.

“அடியாத மாடு பணியாது” என்னும் பழமொழியைத் துணைக்கு அழைப்போரும் உளர். மாணவன் மாடல்லன். மாட்டைப் பணிய வைப்பது ஏர் இழுப்பதற்கு. மாணவனைப் பயிற்றுவது நாட்டை நடத்துவதற்கு. “நிருவாகம் தந்தையைப் போன்றது, தந்தையிடம் வழக்காடலாமா?” என்போரும் உளர். எந்தத் தந்தையும் மகனை வீட்டைவிட்டு விலக்கிவிட்டு, அதற்குக் கோப்பு எண் போட்டுக் கடிதம் அனுப்புவதில்லை. மேலும், 2021 டிசம்பர் முதல் பதினெட்டு வயது நிரம்பியோர் இந்நாட்டில் வாக்காளர். நாட்டின் அரசையே தேர்ந்தெடுக்கும் அறிவு உடையவன் என்று அரசியலமைப்பு ஏற்றுக்கொண்டவனை, ஒரு சுவரொட்டி ஒட்டுமளவுக்கு அறிவு வளராதவன் என்று வளாக விதி சொல்லுமாயின், இரண்டில் ஒன்று பொய்யாதல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

குறை கூறுவதோடு நில்லாமல் வழி கூறுதலும் கடனாகும். முதலாவது, குற்றங்கள் தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும். பகடிவதை, பாலியல் தொல்லை, களவு, தேர்வு மோசடி, வன்முறை ஆகியவை பெயர் சொல்லி எழுதப்படட்டும். அவற்றுக்குக் கடும் தண்டனையும் இருக்கட்டும். “நற்பெயர்”, “நலன்” முதலான எல்லையற்ற சொற்கள் நீக்கப்படட்டும். இரண்டாவது, குற்றம் சாட்டுபவரும் விசாரிப்பவரும் தீர்ப்பளிப்பவரும் வெவ்வேறாக இருக்க வேண்டும். தீர்ப்புக் குழுவில் வளாகத்துக்கு வெளியிலிருந்து சட்டம் அறிந்த ஒருவரும், மாணவர் தேர்ந்தெடுத்த ஒருவரும் இருத்தல் வேண்டும். மூன்றாவது, குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட வேண்டும். விடையளிக்கப் போதிய காலம் தரப்பட வேண்டும். எதிர்ச்சான்றுகளைப் பார்க்கவும், தனக்குத் துணையாக ஒருவரை, வேண்டின் வழக்கறிஞரை, அழைத்துவரவும் மாணவனுக்கு உரிமை வேண்டும். நான்காவது, தீர்ப்பின் காரணங்கள் எழுதப்பட வேண்டும். மேல்முறையீட்டை நிருவாகத்தின் கைக்கு எட்டாத ஒரு குழு கேட்க வேண்டும். அது முடியும்வரை படிப்பு நிறுத்தப்படக் கூடாது. பிறருயிர்க்கு ஆபத்து உண்டென்றால் மட்டும் குறுகிய கால விலக்கம் இருக்கலாம். இந்நான்கும் எந்தக் கல்லூரியின் கூரையையும் இடித்துவிடா. நேர்மையான நிருவாகத்துக்கு இவை காப்பே ஆகும். ஆராய்ந்து வழங்கிய தீர்ப்பைத் தண்டனை பெற்றவனும் மனத்துள் மதிப்பான்.

தமிழ் இயக்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. ஆண்டுதோறும் மெட்ரிகுலேசன் இடங்கள் எத்தனை என்று கணக்குக் கேட்டு அறிக்கை விடுவது தேவையான பணி. ஆனால் நுழைவாயிலில் காட்டும் அக்கறை, நுழைந்தபின் நின்றுவிடுகிறது. உள்ளே சென்ற பிள்ளைக்கு ஒழுங்கு விசாரணைக் கடிதம் வந்தால் அவன் யாரிடம் போவான்? பினாங்கிலும் பிறையிலும் தமிழ் வழக்கறிஞர்கள் உண்டு; ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உண்டு; சங்கங்களும் மன்றங்களும் உண்டு. ஒழுங்கு விதிகளைத் தமிழில் விளக்கிச் சொல்லும் சிறு நூல் ஒன்று, மாதம் ஒருமுறை சட்ட ஆலோசனை, விசாரணை நாளன்று உடன் செல்ல ஒருவர்: இவற்றுக்கு அமைச்சரவை முடிவு தேவையில்லை, மாலையும் பொன்னாடையும் வாங்கும் செலவில் ஒரு பகுதி போதும்.

கேட்கப்படாமல் தண்டிக்கப்பட்டவன் அமைதியாக இருக்கலாம். அவன் ஒழுங்குபெற்றுவிட்டதாக அதற்குப் பொருள் இல்லை. அமைதியான வளாகத்தை விரும்புவோர் அதை நியாயத்தின் மேல் கட்டட்டும். குற்றம் சாட்டுவோர் சாட்டட்டும். அது அவர்கள் உரிமை. தீர்ப்பை மட்டும் வேறொருவர் கூறட்டும்.